கோட்டைக்குள் கான்வென்ட்: கேள்வி-பதில்

சென்ற வார அட்டையில் ஓர் ஏரிக்கரைக் கோட்டையின் படம் போட்டாலும் போட்டோம், தபால் பை நிறைய அதைப் பற்றியே கேள்விகள். அரசியலும் சினிமாவும் ஒரு வாரம் ஓய்வெடுக்கட்டும்.

கே: அட்டைப்படத்தில் இருந்தது அரண்மனையா, சர்ச்சா, சினிமா செட்டா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

மூன்றும் இல்லை. 2010 வரை அது பெண்கள் போர்டிங் ஸ்கூல். பெயர் கைல்மோர். அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், கால்வே மாவட்டத்துக் கானமாரா மலைச்சீமையில் இருக்கிறது. முன்னால் ஏரி, முதுகுக்குப் பின்னால் மலை, நடுவில் கருங்கல் கோட்டை. கோட்டை என்றதும் பீரங்கி, அகழி என்று கற்பனையை ஓட்ட வேண்டாம். ஒரு பணக்கார டாக்டர் 1860களில் கட்டிக்கொண்ட வீடு அது. வீடு புதுசாகத் தெரிவது அந்தக் காலத்துச் சீமான்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் பிறக்கும்போதே நானூறு, ஐந்நூறு வயதுத் தோற்றத்துடன் பிறந்துவிட்டது.

கே: மனைவிக்காகக் கட்டியதாமே. அயர்லாந்தின் தாஜ்மஹால் என்று சொல்லலாமா?
(புதுமணத் தம்பதி, கோவை)

ஷாஜஹான் மனைவி போன பிறகு கட்டினார். நம் டாக்டர் மிட்செல் ஹென்றி மனைவி இருக்கும்போதே கட்டினார். எந்த மனைவியைக் கேட்டாலும் இரண்டாவது ஆளுக்குத்தான் ஓட்டு.

தேனிலவுக்குக் கானமாரா வந்த இடத்தில் மனைவி மார்கரெட்டுக்கு ஊர் பிடித்துப்போயிற்று. ஹென்றியின் அப்பா மான்செஸ்டரில் பெரிய துணி வியாபாரி. (மான்செஸ்டர் துணி நம் நெசவாளிகளை என்ன பாடு படுத்தியது என்பதை இன்னொரு வாரம் பார்ப்போம்.) 1862ல் அப்பா காலமாகி, சொத்து கைக்கு வந்ததும் ஹென்றி லண்டனில் டாக்டர் தொழிலை மூட்டை கட்டினார். பதின்மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். 1867ல் கட்டட வேலையைத் தொடங்கினார். சதுப்பு நிலத்தை வடித்து விவசாய நிலமாக்கினார், குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார், எம்.பி.யாகி அயர்லாந்தின் சுயாட்சிக்குக் குரல் கொடுத்தார். ஆறு ஏக்கருக்கு மேல் சுவர் எழுப்பி, உள்ளே 21 கண்ணாடி வீடுகள் வைத்து, அந்தக் குளிரில் வாழைப்பழம் விளைவித்தார். எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாத மனிதர்.

1874ல் குடும்பத்தோடு எகிப்து போனார்கள். போன இடத்தில் வயிற்றுக்கடுப்பு வந்து மார்கரெட் இறந்துபோனார். உடலைக் கைல்மோருக்கே கொண்டுவந்து, பிறகு ஏரிக்கரையில் ஒரு குட்டி கதீட்ரலைக் கட்டினார் ஹென்றி. உள்ளே பச்சை, சிவப்பு, கறுப்பு, சாம்பல் நிறத் தூண்கள். அயர்லாந்தின் நான்கு மாகாணங்களிலிருந்தும் வந்த சலவைக்கல். ஆக, தாஜ்மஹால் கணக்கும் தீர்ந்தது. யாருக்காகக் கட்டினாரோ அவர் அந்த வீட்டில் வாழ்ந்தது சில வருஷங்கள்தான்.

கே: எத்தனை பாத்ரூம்? ஹாஸ்டலில் இருந்தவளுக்கு அதுதான் முதல் கேள்வி.
(முன்னாள் ஹாஸ்டல்வாசி, திருச்சி)

ஹென்றி காலத்துக் கணக்கில் படுக்கையறை 33, குளியலறை 4. பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுக்கும் உங்கள் அனுபவம் அங்கே செல்லுபடியாகும்.

அந்தக் காலத்துக் கான்வென்டுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. உடம்பு முழுக்க மூடிய நீள அங்கியைப் போட்டுக்கொண்டேதான் தொட்டியில் இறங்க வேண்டும். இங்கிலாந்து, அயர்லாந்து என்று பல இடங்களில் படித்த பழைய மாணவிகள் இதைச் சிரிப்பும் எரிச்சலுமாக எழுதி வைத்திருக்கிறார்கள். காவிரியில் புடவையோடு முங்கி எழுந்த நம் பாட்டிகளிடம் சொன்னால், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பார்கள்.

கே: டாக்டர் வீடு கன்னியாஸ்திரிகள் கைக்கு எப்படிப் போனது?
(ஒரு பத்திர எழுத்தர், விழுப்புரம்)

நடுவில் ஒரு பிரபு வருகிறார், பொறுங்கள். 1903ல் ஹென்றியிடமிருந்து வாங்கியவர் மான்செஸ்டர் டியூக். பட்டத்தில்தான் பிரபு. கைல்மோர் வாங்குவதற்கு முன்பே ஒருமுறை திவால் ஆனவர். ஆனால் மாமனார் இருந்தார். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ரயில்வே, எண்ணெய்க் கோடீஸ்வரர் யூஜின் சிம்மர்மேன். மகள் ஹெலீனாவுக்கு டச்சஸ் பட்டம், மருமகனுக்குக் கோட்டை. அடுத்தவர் காசில் மஞ்சள் குளிப்பதைத் தனி வித்தையாகவே வளர்த்தவர் இந்த டியூக். மன்னர் ஏழாம் எட்வர்டு வந்து தங்குவார் என்று எதிர்பார்த்து, ஹென்றி ஆசையாக அமைத்த நடனக் கூடத்தைப் பெரிய சமையலறையாக மாற்றினார். மன்னர் தங்கவில்லை. சமையலறை தங்கிவிட்டது. 1914க்குள் டியூக் குடும்பமும் வெளியேறியாயிற்று. சூதாட்டக் கடனில் கோட்டை போயிற்று என்பது ஊர்ப் பேச்சு. அப்புறம் ஒரு லண்டன் பாங்கர் கைக்குப் போய், 1920ல் பெனடிக்ட் சபைக் கன்னியர் வாங்கினார்கள். விலை சுமார் 45,000 பவுன்.

கே: உடைமையே கூடாது என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் கோட்டை வாங்கலாமா?
(குதர்க்கம், மதுரை)

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் (நம் ஊர்க் கத்தோலிக்கர்களின் ஆசீர்வாதப்பர்) எழுதிய 73 அத்தியாய ஒழுங்குநூல்தான் இவர்களுக்குச் சட்டம். அதன்படி ஒரு துறவி தனக்கென்று பேனாகூட வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மடத்துக்கு எத்தனை பேனா, எத்தனை ஏக்கர் இருக்கலாம் என்பதில் அவர் கைவைக்கவில்லை. நம் ஆதீனங்களும் அப்படித்தானே? சாமியாருக்குக் காவித்துணி, மடத்துக்கு நஞ்சை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். துணி வியாபாரக் காசு வந்தது, அமெரிக்க ரயில்வே காசு வந்தது, லண்டன் பாங்க் காசு வந்தது. மூன்றும் சேர்ந்தும் அந்த வீட்டை அரை நூற்றாண்டுக்கு மேல் கட்டிக்காக்க முடியவில்லை. பேனா வைத்துக்கொள்ள உரிமை இல்லாத பெண்கள் நூறு வருஷத்துக்கு மேல் காத்துவிட்டார்கள். சொந்தச் செலவு இல்லாத முப்பது, நாற்பது பேர் ஒரு வீட்டில் சம்பளமில்லாமல் உழைத்தால் எந்தக் கோட்டையும் நிற்கும்.

கே: அந்தக் கன்னியர் உள்ளூர்க்காரர்களா?
(ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

மடம் ஐரிஷ் மடம்தான். ஆனால் 250 வருஷம் பெல்ஜியத்தில் இருந்துவிட்டு வந்தது.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் கத்தோலிக்கர்களுக்குத் தடைச் சட்டங்கள் இருந்த காலம் அது. பள்ளி நடத்தக் கூடாது, மடம் கூடாது. வசதியுள்ள குடும்பங்கள் பெண்களைக் கடல் கடந்து பிளாண்டர்ஸ் பக்கம் அனுப்பின. அங்கே ஈப்ரே ஊரில் 1665ல் தொடங்கிய பெனடிக்ட் மடம், சீக்கிரமே ஐரிஷ் பெண்களுக்கான மடமாயிற்று. 1680களின் கடைசியில் கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸ் டப்ளினுக்கு அழைத்தார் என்று நம்பிப் புறப்பட்டு வந்தார்கள். 1690ல் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் ஜேம்ஸ் தோற்று ஓடினார். இவர்கள் மறுபடி மூட்டை கட்டி ஈப்ரேக்கே திரும்பினார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்து சுற்றியிருந்த மடங்களையெல்லாம் துடைத்தது. இவர்கள் மட்டும் தப்பிப் பிழைத்தார்கள்.

கடைசியில் 1914. முதல் உலகப் போரில் ஈப்ரே என்ற பெயரைப் படித்தவர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டாம். ஊரே தரைமட்டம். கன்னியர் குண்டு மழையில் கிளம்பி, போப்பரிங்கே வழியாக இங்கிலாந்து சேர்ந்தார்கள். ஐரிஷ் தலைவர் ஜான் ரெட்மண்டின் உறவுக்காரப் பெண் ஒருவர் அந்த மடத்தில் கன்னியர். அவர்கள் தாய்நாடு திரும்ப ரெட்மண்ட் உதவினார். வெக்ஸ்போர்டில் ஒரு கோட்டையில் நாலு வருஷம் ஒண்டுக்குடித்தனம், பிறகு கைல்மோர். 1706 ராமிலீஸ் போரில் ஐரிஷ் வீரர்கள் கைப்பற்றியது என்று வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கொடித்துண்டையும் விடாமல் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள்.

வந்து சேர்ந்த நேரமும் விசேஷம்தான். அயர்லாந்தில் விடுதலைப் போர், தொடர்ந்து உள்நாட்டுப் போர். 1919க்கும் 1923க்கும் இடையில் நிலப்பிரபுக்களின் இருநூறுக்கு மேற்பட்ட மாளிகைகள் தீக்கிரையாயின. கைல்மோர் எரியவில்லை. 1923ல் அங்கே பள்ளிக்கூடமே ஆரம்பித்துவிட்டார்கள்.

கே: எரியவே இல்லையா?
(அதே வாசகி. தபால் அட்டையில் இடம் மிச்சம் இருந்ததாம்)

1959 ஜனவரியில் எரிந்தது. யாரும் வைத்த தீ அல்ல, விபத்து. விருந்தினர் பகுதி சாம்பலாயிற்று. அதற்குப் பிறகும் பள்ளி ஐம்பது வருஷம் ஓடியது.

கே: எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் இழுத்து மூடினாரே. இங்கிலாந்தில் கன்னியர் மடப் பள்ளிகள் எப்படி மாளிகைகளில் வந்து உட்கார்ந்தன?
(வரலாற்று ஆசிரியர், ஓய்வு, புதுச்சேரி)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு வருஷச் சந்தா இலவசமாகத் தரலாம். ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

1536க்கும் 1540க்கும் இடையில் நாட்டிலிருந்த மடங்களைக் கலைத்துச் சொத்தைச் சுருட்டியவர் எட்டாம் ஹென்றி. அதற்கு இருபது வருஷம் முன்பு, 1516ல், எசெக்ஸ் மாவட்டத்தில் நியூ ஹால் என்ற எஸ்டேட்டை வாங்கிப் பெரிய அரண்மனையாக்கினார். விற்றவர் தாமஸ் பொலின், அதாவது பிற்காலத்தில் ஹென்றியின் மாமனார். (ஆன் பொலினின் தலை என்னவாயிற்று என்பது உங்களுக்குத் தெரியும்.) மடங்களைக் கலைத்த மகாராஜாவின் அந்த அரண்மனைக்கு 1799ல் யார் குடிவந்தார்கள்? கன்னியர். லீஜ் நகரத்தில் 1642ல் பள்ளி தொடங்கிய ஆங்கிலக் கன்னியர், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்து, நியூ ஹாலைப் பள்ளியாக்கினார்கள். பள்ளி இன்றும் இருக்கிறது. இப்போது பையன்களும் படிக்கிறார்கள். ஹென்றி எழுந்து வந்து பார்த்தால் மறுபடி படுத்துக்கொள்வார்.

இது நடந்ததற்குக் காரணம் 1778, 1791 சட்டங்கள். கத்தோலிக்கர் பள்ளி நடத்தலாம் என்று வழி திறந்தது அவற்றால்தான். அதே சமயம் பிரெஞ்சுப் புரட்சி ஐரோப்பாவிலிருந்த ஆங்கிலக் கன்னியரை வீட்டுக்கு விரட்டியது.

அடுத்த அலை இருபதாம் நூற்றாண்டில் வந்தது. 1894ல் பரம்பரைச் சொத்துக்குச் சாவு வரி வந்தது. முதல் உலகப் போரில் வாரிசுகள் செத்தார்கள். அயர்லாந்தில் 1903 நிலச் சட்டத்துக்குப் பிறகு குத்தகைக்காரர்களே நிலத்தை வாங்கிக்கொள்ள, பிரபுவிடம் வீடு மட்டும் மிஞ்சியது, வாடகை நின்றது. நாற்பது அறை, ஒழுகும் கூரை, வேலைக்காரர் சம்பளம். எந்தக் குடும்பத்துக்கு அது வேண்டும்? பள்ளிக்கும் மடத்துக்கும் வேண்டும். படுக்கையறை எல்லாம் டார்மிட்டரி, பில்லியர்ட்ஸ் அறை வகுப்பறை, முன்வாசல் புல்வெளி ஹாக்கி மைதானம். லண்டன் ரோஹாம்ப்டனில் இருந்த திரு இருதய சபைப் பள்ளி 1946ல் சர்ரே மாவட்டத்தின் மார்டன் பார்க் மாளிகைக்கு மாறியதும் இந்த வரிசையில்தான். அதன் இன்றைய பெயர் வோல்டிங்ஹாம்.

கே: ஹாரி பாட்டரின் ஹாக்வார்ட்ஸ் மாதிரி இருக்குமோ?
(ஏழாம் வகுப்பு மாணவி, ஈரோடு)

கோபுரம், ஏரி, மலை எல்லாம் அப்படியே. ஒரு வித்தியாசம் உண்டு. ஹாக்வார்ட்ஸில் தபாலை ஆந்தை நேராக உன் தட்டிலேயே போடும். பழைய கான்வென்டுகளில் சிஸ்டர் பிரித்துப் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும்.

கே: எனிட் பிளைட்டனின் 'செயின்ட் கிளேர்ஸ்' இந்த மாதிரிப் பள்ளிதானே?
(முன்பு குழந்தையாக இருந்தவர், நாகர்கோவில்)

பெயரில் மட்டும்தான் புனிதர். கதைகளில் ஒரு கன்னியாஸ்திரிகூடக் கிடையாது. நள்ளிரவு விருந்துக்குத் தகர டப்பாவில் மத்தி மீன் வாங்கி ஒளித்துவைக்கும் பிள்ளைகள் நிஜக் கான்வென்டில் அகப்பட்டால், மறுநாள் பாவசங்கீர்த்தனத்தில் மீன் எண்ணிக்கையோடு ஒப்பித்தாக வேண்டும்.

கே: அப்படியானால் சந்தோஷமே கிடையாதா?
(முன்பு குழந்தையாக இருந்தவரின் தங்கை, அதே முகவரி)

உண்டு. திரு இருதய சபைப் பள்ளிகளில் முன்னறிவிப்பில்லாமல் திடீரென்று ஒரு நாள் 'இன்று கோஞ்சே' என்று அறிவிப்பார்கள். பாடம் கிடையாது, நாள் முழுக்க விளையாட்டு. பெரிய வீடு முழுக்க ஓடி ஒளிந்து விளையாடலாம். சபை பிரான்சில் பிறந்ததால் பிரெஞ்சுப் பெயர்கள். ஒழுங்காக இருந்தவளுக்கு வாரா வாரம் எல்லோர் முன்னிலையிலும் ஒரு சீட்டு. சிலருக்கு நீல ரிப்பனும் உண்டு. பிறகு அந்த ரிப்பனைப் பார்த்து மற்றவள் வயிறு எரிவாள். அது ஏழு தலையாய பாவங்களில் ஒன்று. பள்ளிக்கே இரட்டை வருமானம்.

கே: யாராவது பிரபலம் படித்திருக்கிறார்களா? சினிமா ஆள் இருந்தால் நல்லது.
(பெஞ்ச் டிக்கெட், சேலம்)

கைல்மோரை விட்டு ரோஹாம்ப்டனுக்குப் போவோம். 1920ல் அங்கே ஆறு வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிறந்த ஊர் டார்ஜிலிங். விவியன் ஹார்ட்லி. 'கான் வித் தி விண்ட்' பார்த்தவர்களுக்கு விவியன் லீ. பள்ளித் தோழிகளில் ஒருத்தி மௌரீன் ஓ'சல்லிவன். பிற்பாடு டார்ஜானின் காதலி ஜேன் ஆனவர். ஒரே கன்னியர் மடத்திலிருந்து ஸ்கார்லெட் ஒஹாராவும் ஜேனும். சிஸ்டர்கள் எதை நினைத்து செபம் சொன்னார்களோ!

கே: ரஞ்சிக் கோப்பைக்கும் கைல்மோருக்கும் சம்பந்தம் உண்டு என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். நூறு ரூபாய் பந்தயம்.
(கிரிக்கெட் பைத்தியம், சேப்பாக்கம்)

நூறு ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். இங்கிலாந்துக்கு ஆடிய ரஞ்சித்சிங்ஜி, நவநகர் சமஸ்தானத்து ஜாம் சாஹேப், 1924ல் கானமாராவில் பாலினாஹின்ச் கோட்டையை வாங்கினார். கைல்மோருக்கும் அதற்கும் நடுவில் மலைத்தொடர் ஒன்றுதான். கோடைதோறும் சால்மன் மீன் பிடிக்க வருவார், 1933ல் காலமாகும்வரை. அவருடைய அண்ணன் தம்பி வழிப் பெண்கள் 1920களில் கைல்மோர் மடத்துப் பள்ளியில் படித்தார்கள். குஜராத்தின் ராஜபுத்திர இந்துக் குடும்பத்துப் பெண்கள், பெல்ஜியத்திலிருந்து திரும்பிய ஐரிஷ் கன்னியரிடம், ஒரு மான்செஸ்டர் டாக்டர் கட்டிய வீட்டில்! கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் ஆசிரியர் நம்பும்படியாக எழுது என்று திருப்பி அனுப்புவார்.

உங்கள் சேப்பாக்கத்துக்காக ஒரு கொசுறு. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே அங்கேதான், 1934 நவம்பர் 4. சென்னைக்கும் மைசூருக்கும். ஒரே நாளில் சென்னை ஜெயித்தது.

கே: கன்னியர் எல்லோரும் சமமா? மதர் சுப்பீரியரே பாத்திரம் தேய்ப்பாரா?
(மெஸ் ஆயா, ஓய்வு, தூத்துக்குடி)

கேட்க வேண்டியவர் கேட்டிருக்கிறீர்கள். பழைய மடங்களில் இரண்டு வரிசை. வரதட்சணைப் பணத்தோடு, படிப்போடு வந்தவர் லத்தீனில் செபம் பாடும் பாடகர் குழுக் கன்னியர். பெனடிக்ட் சபையில் அவருக்கு 'டேம்' என்று மரியாதைப் பட்டம். ஏழை வீட்டிலிருந்து வந்தவர் பணிச் சகோதரி. சமையல், சலவை, மாட்டுக் கொட்டகை அவருக்கு. மடத்து வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டு கிடையாது. பரலோகத்துக்கே போகிறவர்கள் வண்டியில் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு வைத்துக்கொண்டு போனார்கள். 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் இந்தப் பிரிவு ஒழிந்தது. பள்ளிப் பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது.

கே: கான்வென்டைப் பற்றி நாவல் ஏதாவது சிபாரிசு?
(நூலக உறுப்பினர், காரைக்குடி)

கேட் ஓ'பிரயன் எழுதிய 'தி லேண்ட் ஆஃப் ஸ்பைசஸ்', 1941ல் வந்தது. அயர்லாந்தின் ஒரு கன்னியர் மடப் பள்ளியும் அதன் மதர் சுப்பீரியரும்தான் கதை. மடத்தை இவ்வளவு பரிவோடு எழுதிய நாவல்கள் குறைவு. அயர்லாந்து அரசு அதைத் தடை செய்தது. எதற்கு? ஒரே ஒரு வாக்கியத்துக்கு. முழுப் புத்தகத்தையும் ஒரு வரிக்காகத் தடை செய்தவர்கள், அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்திருப்பார்கள்! ரோஹாம்ப்டன் பள்ளி அனுபவத்தை வைத்து அன்டோனியா வொயிட் எழுதிய 'ஃபிராஸ்ட் இன் மே' (1933) இதற்கு நேர் எதிர். பரிவு குறைவு, கூர்மை அதிகம். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

கே: நல்லதாகவே சொல்லிக்கொண்டு போகிறீர்கள். அயர்லாந்துக் கத்தோலிக்க நிறுவனங்களில் குழந்தைகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா?
(கோபக்கார வாசகர், சிவகங்கை)

தெரியும். கைல்மோரிலிருந்து சில மைல் தூரத்தில் லெட்டர்ஃபிராக் என்ற ஊர். அங்கே 1887 முதல் 1974 வரை கிறிஸ்தவ சகோதரர் சபை நடத்திய ஆண் பிள்ளைகள் தொழிற்பள்ளி இருந்தது. 'பள்ளி' என்று பெயர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், அனாதைகள், பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகள், சின்னத் திருட்டில் அகப்பட்டவர்கள் என்று கோர்ட்டு உத்தரவில் கொண்டுவந்து அடைத்தார்கள். அங்கே நடந்த அடி, பட்டினி, பாலியல் கொடுமை எல்லாவற்றையும் 2009ல் வெளிவந்த ரயன் கமிஷன் அறிக்கை தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறது. அங்கேயே இறந்துபோன பிள்ளைகளின் கல்லறைத் தோட்டம் மரங்களுக்கு நடுவில் இன்றும் இருக்கிறது.

ஒரே சாலை, ஒரே மழை, ஒரே திருச்சபை. ஒரு பக்கம் அப்பா கட்டணம் கட்டிச் சேர்த்த பெண், இன்னொரு பக்கம் கேட்க நாதியில்லாத பையன். அந்தப் பெண்ணின் கடிதத்தைப் பிரித்துப் படித்தார்கள் என்று மேலே கிண்டல் செய்தேன். அவளுக்குக் கடிதம் எழுத வெளியில் ஆள் இருந்தது, விடுமுறைக்குப் போக வீடு இருந்தது. தட்டிக் கேட்க ஒரு பெற்றோர் இருக்கும் இடத்தில் நிறுவனம் ஒரு மாதிரி நடந்துகொள்கிறது. இல்லாத இடத்தில் வேறு மாதிரி. கோட்டையின் அழகைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் லெட்டர்ஃபிராக்கைத் தாண்டிப் போகிறார்கள். அங்கே இறங்கிப் பார்க்காமல் போகிறார்களே என்பதுதான் என் குறை.

கே: நம் ஊர் கான்வென்டுகளுக்கும் அயர்லாந்துக்கும் தொடர்பு உண்டா?
(சர்ச் பார்க் முன்னாள் மாணவி, அடையாறு)

உங்கள் பள்ளியே அந்தத் தொடர்புதான். பிரசன்டேஷன் சபையை 1775ல் அயர்லாந்தின் கார்க் நகரில் தொடங்கியவர் நானோ நேகல். ஏழைப் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கப் புறப்பட்டவர். அந்தச் சபைக் கன்னியர் 1842லேயே கப்பலேறிச் சென்னை வந்துவிட்டார்கள். பிற்பாடு ஜெயலலிதா படித்த சர்ச் பார்க்கும், கொடைக்கானல் பிரசன்டேஷனும் அந்த வழியில் வந்தவை. ஏழைகளுக்கென்று ஆரம்பித்த சபையின் பெயரில் அட்மிஷன் வாங்க எம்.எல்.ஏ. சிபாரிசு தேடும் காலம் வரும் என்று நானோ நேகல் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இன்னொரு தொடர்பும் உண்டு. டப்ளின் அருகே ராத்ஃபார்ன்ஹாமில் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் லொரேட்டோ கன்னியரின் மடமும் போர்டிங் பள்ளியும் இருந்தன. 1928ல் பதினெட்டு வயது அல்பேனியப் பெண் ஒருவர் அங்கே வந்து சில வாரம் ஆங்கிலம் கற்றுக்கொண்டு கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். அன்னை தெரசா.

கே: இவ்வளவு பழைய வீட்டில் பேய் இல்லாமலா?
(அமாவாசை, ஒட்டன்சத்திரம்)

பேய் தெரியாது. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஏரியிலிருந்து வெள்ளைக் குதிரை எழும்பும் என்பார்கள். ஆறு வருஷம் நிம்மதியாகத் தூங்கலாம்.

கே: நன்றாக ஓடிய பள்ளியை ஏன் மூடினார்கள்?
(தனியார் பள்ளித் தாளாளர், நாமக்கல்)

கன்னியர் குறைந்தார்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்கிறேன். சம்பளக் கவரை வாங்கி அப்படியே மடத்துக் கணக்கில் போட்டுவிடும் டீச்சர், இரவு வார்டன், ஞாயிற்றுக்கிழமை நர்ஸ், தோட்டக்காரி, கணக்குப்பிள்ளை, எல்லாம் ஒரே ஆள். அப்படி முப்பது பேர் இருந்தால்தான் போர்டிங் பள்ளி அந்தக் கட்டணத்தில் ஓடும். அயர்லாந்தில் பெண்கள் மடத்துக்குப் போவது நின்று பல வருஷமாகிறது. இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. 2006ல் முன்கூட்டியே சொல்லி, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை முடிக்கவிட்டு, 2010ல் மூடினார்கள். கெடு கொடுத்து மூடியது மரியாதையான காரியம்.

பள்ளி மூடியதில் அடி பட்டவர்கள் வெளிநாட்டுச் சீமாட்டிகள் அல்ல. சுற்றுவட்டாரத்துப் பெண் பிள்ளைகள் பகலில் வந்து அங்கேதான் படித்துக்கொண்டிருந்தார்கள். மீன்பிடிக்காரர் மகளும் ஆடு மேய்ப்பவர் மகளும் ராஜகுமாரி உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்த இடம் அது.

கே: இப்போது கன்னியர் எப்படிப் பிழைக்கிறார்கள்?
(அக்கறையுள்ள வாசகி, செங்கல்பட்டு)

சாக்லேட் செய்கிறார்கள், சோப்பு செய்கிறார்கள். ஹென்றியின் சுவர்த் தோட்டத்தைக் காட்டிலிருந்து மீட்டு 2000ல் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகம் 2016 முதல் கோட்டையின் ஒரு பகுதியில் வகுப்பு நடத்துகிறது. எஸ்டேட்டுக்குள்ளேயே கன்னியருக்கென்று புதிதாக ஒரு மடம் கட்டினார்கள். நூறு வருஷம் பிறர் வீட்டை மடமாக்கி வாழ்ந்தவர்களுக்கு மடமாகவே கட்டிய கட்டடம் கிடைத்திருக்கிறது. பாத்ரூம் தாராளம் என்று நம்புகிறேன்.

கே: என் மகளுக்கு அங்கே சீட் கிடைக்குமா? வாங்கித் தர முடியுமா?
(அவசரத் தகப்பனார், திருப்பூர்)

மூடி பல வருஷமாயிற்று என்று இரண்டு கேள்விக்கு முன்னால்தான் சொன்னேன். நீங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர் போலிருக்கிறது. சுற்றிப் பார்க்க வேண்டுமானால் கேட்டில் டிக்கெட் வாங்கினால் போதும், இன்டர்வியூ கிடையாது. குடை எடுத்துப்போங்கள். கானமாராவில் மழைக்கு விடுமுறை நாளே இல்லை.